அமெரிக்கர் இன்பவேட்கையும் ஆணவமலமும்

உயிர்வாழ்தல், உரிமையோடிருத்தல், இன்பந்தேடுதல் என்னும் மூன்றும் படைத்தோன் மக்கட்கு அளித்த நீங்கா உரிமைகளுட் சேர்ந்தன என 1776-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டார் பறைசாற்றினர். அவ்வறிக்கையை வரைந்த தாமஸ் ஜெபர்ஸன் தாமே அடிமைகளை உடையவர் என்பதும், அடிமைமுறை ஆண்டு ஒழிந்தது 1865-இலே என்பதும் ஈண்டு விரிக்கப் புகின் வேறொரு கட்டுரையாம். யாம் கருதுவது மூன்றாஞ்சொல்லின் அமைதியையே. இன்பம் உரிமை என்றாரல்லர். இன்பந்தேடுதலே உரிமை என்றார். எவ்விடத்துத் தேடுவது என்பதைக் கூறாது விடுத்தார்.

அவ்வெற்றிடத்தைப் பொருள் வந்து நிரப்பிற்று. 'அமெரிக்கக் கனவு' என்னுந் தொடரை 1931-இல் தம் நூலாற் பரப்பிய ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், அது மோட்டார் வண்டியும் மிகுந்த கூலியும் பெறுங் கனவு மாத்திரமன்று, பிறப்பால் தடையுறாது ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கேற்ற நிலையை எய்துதலே என்றார். சொல் பரவிற்று, விலக்கு மறக்கப்பட்டது. கடன்பட்டேனும் வீடு கொள்ளுதலே கனவின் வடிவாயிற்று. 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வீடுகளை இழந்தார் பல இலட்சவர்.

இனி, ரிச்சர்டு ஈஸ்டர்லின் என்னும் பொருளியலறிஞர் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்கது. ஒருகாலத்து ஒருநாட்டிற் செல்வர் வறியரினும் மகிழ்ச்சியுடையேம் என்கின்றனர். ஆயின் 1946 முதல் 1970 வரை அமெரிக்கர் வருவாய் பெரிதும் உயர்ந்தும், அவர் கூறிய மகிழ்ச்சி அதற்கேற்ப உயர்ந்திலது. ஒருவன் தன் பொருளை அயலான் பொருளோடு ஒப்பிட்டே அளத்தலின் இஃது இவ்வாறாயிற்று என அவர் காரணங் காட்டினார். பின்வந்தாருள் இம்முடிபை மறுத்தாரும் உளர். எனினும் அக்காரணம் எமக்குப் புதிதன்று. அயலானின் மிக்கமை பற்றிப் பிறக்கும் மகிழ்ச்சி பொருளின் பயனன்று. யான் எனது என்னுஞ் செருக்கின் பயன். வண்டியும் வீடும் மாயையின் காரியம். ஒப்பிட்டு நோக்குங் கண்ணோ ஆணவத்தினது.

அற்றேல் பொருளனைத்தும் பொய்யெனத் தள்ளுதும் என்பாரோடு யாம் உடன்படேம். தனு கரண புவன போகங்கள் இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் ஈந்த கைவிளக்குப் போல்வன. விளக்கைப் பழித்தல் நன்றியின்மை. விளக்கையே ஞாயிறெனக் கொண்டு, ஒளி போதாதென மேலும் மேலும் விளக்கேற்றுதல் பேதைமை. அமெரிக்கர்க்கு நேர்ந்தது பின்னது. விளக்கினை ஊதி அணைத்து அதனையே ஞானமென்று கொள்வார் எந்நாட்டினும் உளர். அவர்தம் பிழை சிறிதன்று.

அந்நாட்டினரே ஒருவர் இதனை ஓரளவு கண்டார். ஹென்றி டேவிட் தோரோ என்பார், உரிமைநாளாகிய ஜூலை 4-இல், 1845-ஆம் ஆண்டு, வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய சிறுகுடிலிற் குடிபுகுந்தார். வேண்டுவன சிலவே என இரண்டு ஆண்டும் இரண்டு திங்களும் வாழ்ந்து காட்டினார். அவரை யாம் மதிக்கின்றோம். ஆயினும் பொருளைக் குறைத்தல் ஒன்று, இருவினையொப்பு மற்றொன்று. முன்னது தன்முயற்சியான் முடியும். பின்னதன் வழி மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்திக் குருவருள் கூடினாலன்றித் தேடுதல் ஓயாது. தோரோவும் குடிலை விட்டகன்றார். தாம் வாழவேண்டிய வேறு வாழ்வுகளும் உள போலும் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.