பண்டகசாலையின் கதவு

நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் இன்று பருப்பு மொத்த வணிகராயிருக்கிறார். மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலுமுள்ள மளிகைக் கடைகள் பலவற்றுக்கு அவருடைய மூட்டைகளே செல்கின்றன. அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் ஹவுளருகே வந்தமர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் சுமந்திருந்த கேள்வியொன்றை அவிழ்த்தார்.

2015ஆம் ஆண்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய ஆண்டும் அவ்வாண்டும் பருவமழை பொய்த்தது. அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது. நம் மாணவர் துவரை வரத்து மிகுந்திருந்த மார்ச்சிலேயே வாங்கிக் கிடங்கில் அடுக்கியிருந்தார். அக்டோபரில் மைய அரசு இருப்பு வரம்பை இறக்குமதியாளர்க்கும் பேரங்காடிகளுக்கும் விரித்தபோது, அவரிடமிருந்த சரக்கு வரம்புக்குள்ளேயே இருந்தது. அதிகாரிகள் வந்திருந்தாலும் குற்றம் காண இடமில்லை.

"ஆனால் மூன்று வாரம் கதவைத் திறக்கவில்லை, ஹஜ்ரத். கேட்ட கடைக்காரர்களிடம் சரக்கில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு விற்றேன். இது இஹ்திகாரா?"

இஹ்திகார் என்பது பதுக்கல். பதுக்குகிறவன் பாவியே என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்த ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஓதிய பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. அதனோடு சேர்ந்து வரும் ஒரு செய்தியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த ஹதீதை மஃமர் (ரலி) அவர்களிடம் கேட்டு அறிவித்தவர் ஸயீதுப்னுல் முஸய்யப் (ரஹ்). "தாங்களே சரக்கை இருப்பு வைக்கிறீர்களே!" என்று ஒருவர் அவரை வினவினார். தமக்கு இதை அறிவித்த மஃமரும் இருப்பு வைப்பவராகவே இருந்தார் என்று ஸயீது விடை பகர்ந்தார். சொன்ன சொல்லுக்கு மாறாக நடப்பவர்களல்லர் இவ்விருவரும். ஆகவே, அவர்கள் இருப்பு வைத்தது எண்ணெய் போன்ற பண்டங்களையே; தடுக்கப்பட்டதோ மக்கள் உயிர்வாழத் தேவையான உணவைத் தட்டுப்பாட்டில் முடக்குவது என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள்.

ஏன் இத்தனை நுணுக்கம்? இருப்பு வைப்பதையே பாவமென்று சொல்லிவிட்டால் ஊர் பட்டினி கிடக்கும். துவரை விளைவது ஆண்டில் சில திங்கள். சாம்பார் கொதிப்பதோ ஆண்டு முழுவதும். இடைப்பட்ட காலத்தை யாரோ ஒருவர் தோளில் சுமந்தாக வேண்டும். கிடங்கு வாடகை, வண்டு, ஈரம், முடங்கிய முதல் ஆகிய எல்லாம் அவர் கணக்கு. நபி யூசுஃப் (அலை) அவர்கள் விளைந்த ஏழாண்டுத் தானியத்தை உண்பதற்கு வேண்டியது போகக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கச் சொன்னதையும், நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றதையும் திருமறை புகழ்ந்தே கூறுகிறது. 1965இல் தோன்றிய இந்திய உணவுக் கழகம் செய்து வருவதும் ஏறக்குறைய இதுவே.

இவ்வாதத்தை நம் மாணவரே நம்மினும் நன்றாகச் சொன்னார். "மார்ச்சில் வாங்கியதையெல்லாம் ஆகஸ்டிலேயே விற்றிருந்தால், அக்டோபரில் ஒரு மூட்டையும் இருந்திராதே!" என்றார். உண்மைதான். மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டியும் பெருமானார் (ஸல்) மறுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. விற்பவனுக்கும் உரிமையுண்டு.

ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினோம். ஷாஃபிஈ மத்ஹபின் வரையறைப்படி, விலையேறிய காலத்தில் உணவை வாங்கி, மேலும் ஏறட்டுமென்று முடக்குவதே விலக்கப்பட்டது. மலிந்த காலத்தில் வாங்கி வைத்தது அதில் அடங்காது. ஹனஃபிகளில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) வட்டத்தை விரிக்கிறார்: எதை முடக்கினால் பொதுமக்களுக்குத் தீங்கோ அது எதுவாயினும் இஹ்திகாரே. முதற்கருத்தின்படி நம் மாணவர் தப்பிவிடுகிறார், இரண்டாவதன்படி அகப்படுகிறார். இரண்டு மாலைகள் இதிலேயே கழிந்தன. நமக்கும் வித்தை காட்டுவதில் ஓர் ஆசை இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள்தான் விளங்கிற்று. விடை அவருடைய முதல் வாக்கியத்திலேயே கிடந்தது. 'சரக்கில்லை' என்றாரே, அது பொய். சரக்கு இருக்கிறது, இன்ன விலைக்குக் குறைந்து தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் கடைக்காரர் கொள்ளலாம், தள்ளலாம். இருப்பதை இல்லையென்றபோது பருப்பு மட்டுமா மறைந்தது? சந்தை நிலவரமே மறைந்தது. கேட்டவர் அஞ்சி வேறிடம் ஓடினார். அந்த அச்சமும் விலையை ஏற்றியது. ஊருக்குள் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நாயகம் (ஸல்) ஏன் தடுத்தார்கள்? சந்தை விலையை அறியாதவன் அறியாமையில் இலாபம் காணலாகாது என்பதற்காகவே. இன்று தியாகராய நகரின் சந்துகளில், பத்து நிமிடத்தில் வீடு சேர்ப்போம் என்று விளம்பரம் செய்து வளர்ந்த நிறுவனங்களின் சிறு கிடங்குகள் முளைத்திருக்கின்றன. 'டார்க் ஸ்டோர்' என்கிறார்கள். நமக்கோ திருநெல்வேலி அல்வாதான் நினைவுக்கு வருகிறது. அங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது பொறிக்குத் தெரியும். தெருவில் வாழ்பவனுக்குத் தெரியாது. கதவின்மேல் பெயர்ப்பலகை கூட வேண்டியதில்லை.

நாம் இதைச் சொன்னதும் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வேறொன்றைச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியபோது, பால் பாக்கெட்டைப் பன்மடங்கு விலைக்கு விற்றவர்களை நாம் கண்டோம். அவரோ, முகாம்களில் சமைப்பதற்குப் பன்னிரண்டு மூட்டைப் பருப்பை விலையின்றி அனுப்பியிருக்கிறார். "அது இதற்கு ஈடாகுமா, ஹஜ்ரத்?"

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு வரலாறு சொல்கிறார். வாஸித் நகரத்துப் பெரியவர் ஒருவர் பஸராவுக்குக் கோதுமைக் கப்பல் அனுப்பி, கரைசேர்ந்த அன்றே விற்றுவிடும்படி முகவருக்கு எழுதினார். விலை மலிந்திருந்ததால் முகவர் ஒரு வாரம் பொறுத்து, பன்மடங்கு இலாபம் ஈட்டி, மகிழ்ந்து எழுதினார். பெரியவர் மகிழவில்லை. எம்மீது குற்றத்தைச் சுமத்திவிட்டீர். பணம் முழுவதையும் பஸரா ஏழைகளுக்குக் கொடுத்துவிடும். அப்போதும் நன்மையுமின்றித் தீமையுமின்றித் தப்பினாலே போதும் என்று பதில் வந்தது.

முழுவதையும் கொடுத்தவரே தப்பினால் போதும் என்றிருக்கிறார். பன்னிரண்டு மூட்டையை எந்தத் தராசில் வைப்பது? அவர் விற்ற விற்பனை செல்லும், பணம் அவருடையதே, திருப்பித் தரவேண்டும் என்று நம்மால் தீர்ப்புக் கூற முடியாது. அக்டோபரில் கால் கிலோ பருப்பு வாங்கிய கைகள் எவை என்பதும் அவருக்குத் தெரியாது.

"ஒருவரைத் தெரியும்" என்றார். தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில் சிறிய கடை. அன்று மூன்று முறை தேடி வந்தவர். மூன்று முறையும் இல்லையென்று சொல்லப்பட்டவர். இன்றும் இவரிடமே சரக்கெடுக்கிறார்.

"தம்பி, அவரிடமாவது போய் அன்று இருந்தது என்று சொல்லிவிடும்" என்றோம்.

தலையசைத்து எழுந்து போனார். அதன்பின் இரண்டு ஜுமுஆக்களில் அவரைக் கண்டு ஸலாம் உரைத்தோம். சொன்னாரா என்று கேட்க நமக்கு இன்னும் மனம் வரவில்லை.