சீராய்த் துடியாத இதயம்

கடிகாரம் போல் பிசகாமல் துடிப்பதே நல்ல இதயம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை வேறு. நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் நலமான இதயம் விநாடிக்கு ஒன்றென அளந்து துடிப்பதில்லை. இரு துடிப்புகளுக்கு இடையே ஒருமுறை 950 மில்லி விநாடி கழிந்தால், அடுத்த முறை 1040 கழியும். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்றே விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. கார்ல் லுட்விக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1847-ஆம் ஆண்டிலேயே இதனைக் கருவியால் வரைந்து காட்டினார்.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். நாம் ஓய்ந்திருக்கும்போது அதனைத் தணித்து வைப்பது வேகஸ் நரம்பு. ஆபத்திலும் ஓட்டத்திலும் முடுக்கிவிடுவது பரிவு நரம்பு. நம் விருப்பத்தைக் கேளாமலே இவ்விரண்டும் இடையறாது இதயத்தோடு பேசிக்கொண்டிருப்பதால்தான் துடிப்புகளின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் தேர்ந்தோர் சிலருக்கு ஓய்வில் நாடி நாற்பதுக்கும் கீழே இறங்குவதுண்டு. விரையும் வல்லமையை மட்டுமே நாம் அரங்கில் காண்கிறோம். அடங்கும் வல்லமையை எவரும் கைதட்டி வரவேற்பதில்லை.

இந்த ஏற்ற இறக்கம் இன்று விளையாட்டுப் பயிற்சியில் ஓர் அளவுகோலாகிவிட்டது. வீரர் காலையில் எழுந்ததும் மார்பில் பட்டையணிந்து சில நிமிடங்கள் அசையாதிருப்பார். வழக்கத்தைவிட ஏற்ற இறக்கம் குன்றியிருந்தால், நேற்றைய களைப்பு இன்னும் நீங்கவில்லை எனக் கொள்வர். பின்லாந்தின் ஔலு நகர ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். அதில் பங்கேற்றோர் போட்டி வீரர்கள் அல்லர். ஓரளவு உடற்பயிற்சியுள்ள ஆண்கள். ஒரு குழுவினர் வகுத்த திட்டப்படி ஓடினர். மற்றொரு குழுவினர் காலை அளவு இடங்கொடுத்த நாள்களில் மட்டுமே கடுமையாக ஓடினர். நான்கு வாரங்களுக்குப் பின் இரண்டாம் குழுவினரே கூடுதலாக முன்னேறியிருந்தனர். ஓய்வைச் சோம்பல் என்று ஏசிய பயிற்சியாளர்களுக்கு இது நல்ல பாடம் அன்றோ!

ஆயினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. 'களைத்திருக்கிறேன்' என்று ஒரு வீராங்கனை சொல்கிறாள். கருவியோ 'நலம்' என்கிறது. யார் சொல்லை ஏற்பது? உறக்கக் குறைவு, மது, அச்சம் ஆகிய எதுவும் அந்த எண்ணைத் தாழ்த்தக்கூடும். மிகைப்பயிற்சியால் சோர்ந்த சிலரிடம் அது உயர்ந்து காணப்படுவதும் உண்டு. மேலும், இவ்வெண் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஒருவரது இன்றைய அளவை அவரது நேற்றைய அளவோடு ஒப்பிடலாமேயன்றி, அருகிலுள்ளவரின் அளவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தம் பொறுப்பிலுள்ளவர்களை எண்களின் வரிசையில் நிறுத்தித் தேர்வு செய்ய முனைபவர், இந்த அறிவியலையே தவறாகப் படித்தவர் என்போம்.

கருவியைச் சாட்சியாக அழைப்பது முறை. நீதிபதியாக அமர்த்துவது முறையன்று என்பதே நம் கருத்து. உழைக்கும் ஒருவர் தம் களைப்பைச் சொல்லும்போது, அதற்குச் சான்று காட்டுமாறு கேட்பது அவரது வாய்ச்சொல்லின் மதிப்பைப் பறிப்பதாகும். எண் அவருக்குத் துணை நிற்கலாம். தன் வலியை மறைத்து ஓடும் பிடிவாதக்காரரைத் தடுத்து நிறுத்தவும் செய்யலாம். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆனால், அணியில் இடம் பெறுவது அந்த எண்ணைப் பொறுத்தது என்றாகும்போது என்ன நேரும்? நிமிடத்திற்கு ஆறு முறை என மூச்சை மெதுவாக விட்டால் ஏற்ற இறக்கம் மிகுதியாகிவிடும். இது விளையாட்டு உலகம் அறிந்ததே. இடம் பறிபோகுமோ என்று அஞ்சும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, விடியற்காலையில் கண்களை மூடிப் படுத்தபடி, தன் பயிற்சியாளரை ஏமாற்றுவதற்காக அமைதியாக மூச்சுவிடக் கற்றுக்கொள்வாள்.