ஊஞ்சலில் ஒரு கணக்கு

உச்சியில் ஒரு கணம் நின்ற ஊஞ்சல், யாரும் தள்ளாமல் திரும்பி வந்து தாழ்புள்ளியைக் கடக்கும்போது வேகம் என்ன? நியூட்டனின் விதிகளை நேரடியாகப் போட்டால் சங்கடம்தான். கயிற்றின் கோணம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. முடுக்கமும் கூடவே மாறுகிறது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு வழி முக்கியமில்லை, தொடக்கமும் முடிவும் போதும்.

உச்சி, தாழ்புள்ளியைவிட 0.8 மீட்டர் உயரம் என்க. அங்கே இருந்த நிலை ஆற்றல், கீழே இயக்க ஆற்றலாகிறது. சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப்போகும். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், வேகத்தின் வர்க்கம் 2 × 10 × 0.8 = 16; வேகம் நொடிக்கு 4 மீட்டர். பேத்தி உட்கார்ந்தாலும் தாத்தா உட்கார்ந்தாலும் (கயிறு தாங்கினால்) விடை அதுவே. கயிற்றின் இழுவிசையை மறந்துவிட்டோமோ என்று மாணவர்கள் தயங்குவது இங்கேதான். அது எப்போதும் இயக்கத் திசைக்குச் செங்குத்து. அதனால் வேலை எதுவும் செய்வதில்லை.

மறுபக்கம் 0.75 மீட்டர்தான் ஏறியது என்றால், 30 கிலோ நிறைக்கு 30 × 10 × 0.05 = 15 ஜூல் குறைகிறது. காற்றின் தடையும் கொக்கியின் உராய்வும் அதை வெப்பமாக்கிவிட்டன. சமன்பாட்டில் அந்த 15 ஜூலையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்த முறையில் கிடைக்காதது நேரம். கீழே வர எத்தனை நொடி ஆனது என்பதற்குக் கயிற்றின் நீளமும் இயக்கச் சமன்பாடும் தேவை.