முருகைக்கல்லும் மனித நீதியும்

ஒரு பொருளை அறிந்த அளவிலேயே அதன்பால் நமக்குக் கடமையொன்று பிறக்கின்றதா? பிறக்குமெனின் அது யாரைச் சாரும்? அறிந்தவனையா, அதனால் வாழ்பவனையா, ஆள்பவனையா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கடலில் கிடக்கும் முருகைக்கற் பாறைகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் தகும்.

நெடுந்தீவின் மதில்கள் முருகைக்கல்லால் ஆனவை. நம்மவர் நெடுங்காலம் அதனைக் கல்லாகவே கண்டனர். உண்மையில் அது சிற்றுயிர்கள் பல கூடிக் கட்டிய ஊர். அவற்றின் உடலினுள்ளே வாழும் பாசியே அவற்றுக்கு உணவூட்டுகின்றது. கோடையின் உச்ச வெப்பத்திலும் ஒரு பாகையளவு கூடிய சூடு சில கிழமைகள் நீடிப்பின் பாசி நீங்கும், முருகை வெளிறும், பசியால் மடியும். 1979 இலேயே சரணாலயமாக்கப்பட்ட ஹிக்கடுவக் கடலிலும் 1998 இல் முருகை பெருமளவு மடிந்தது. சட்டம் இட்ட எல்லை வெப்பத்தைத் தடுக்கவில்லை.

போர்க்காலத்தில் வடகடலை ஆராய்தல் அரிதாயிருந்தது. 2021 இல் வெளிவந்த ஆய்வொன்றோ, குடாநாட்டுக் கடலில் இலங்கைக்குப் புதியனவான 36 முருகை இனங்களை மரபணுச் சோதனையால் உறுதிசெய்தது. நீரில் மூழ்கி, அளவுநாடா விரித்து, அதன்கீழ் உயிருள்ளது எவ்வளவு, மடிந்தது எவ்வளவு எனக் குறித்து, மீண்டும் மீண்டும் அதே இடத்துக்கு வந்து ஒப்பிடுவதே இத்துறையின் தொழில்.

"வெறும் வலையோடு திரும்பும் கடற்றொழிலாளிக்கு இக்கணக்கு எதற்கு?" என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. விஞ்ஞானம் எப்பொழுதும் ஏழையின் பக்கம் நின்றதன்று. மன்னார்க் குடாவில் முத்துச் சிப்பிகள் அருகியதன் காரணத்தை ஆராய 1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவர் ஆய்வு ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. 1906 இல் முத்துப் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் சென்றன. அடுத்த ஆண்டின் குளிப்போடு சிப்பிவளம் ஓய்ந்தது. கம்பனியும் பின்னர்க் கலைந்தது. சிப்பியைப் பற்றிய அறிவு நிறைய இருந்தது. அவ்வறிவு யாருக்குப் பொறுப்புடையது என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை.

ஆயினும் இதனால் கணக்கே வேண்டாம் என்பது பிழையான முடிவு. கணக்கில்லாத இடத்திற் பழி எளியவன் தலையிலேயே விழும். பாறையருகே தூண்டிலிடும் சிறுபடகுக்காரனைத் தடுத்தல் அதிகாரிக்கு இலகு. கடலடியைக் கிளறிச் சேற்றை எழுப்பி முருகையின்மீது படியச் செய்யும் இழுவைமடியைத் தடுத்தல் அரிது. இலங்கையில் 2017 இல் அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எனினும் பாக்கு நீரிணையில் மடி இழுபடுகின்றது. இழுப்பவரும் இழப்பவரும் தமிழரே என்பது நம்மை இன்னும் கூர்ந்து சிந்திக்கச் செய்ய வேண்டும். கடலைச் சூடாக்கும் புகையிலோ இச்சிறுபடகுக்காரனின் பங்கு மிக அற்பம். சேற்றால் மடிந்தது எது, வெப்பத்தால் மடிந்தது எது, வெடியால் உடைந்தது எது எனப் பகுத்துரைக்க ஆண்டாண்டாய் எடுத்த அளவீடன்றி வேறு சாட்சியில்லை.

ஆகவே கடமையைப் பங்கிடும் நெறி ஒன்றே: கேடு செய்த அளவுக்குச் சுமை. வறுமை வெடிவைப்பதற்கு உரிமையாகாது. பாதுகாப்பு என்னும் சொல்லும் வறியவனை மட்டும் கரையில் நிறுத்துவதற்குக் கருவியாகக் கூடாது. ஒரு பருவம் ஒதுங்கி நில் என அவனைக் கேட்கும் அரசு, அப்பருவத்து அவன் அடுப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அறிஞர்க்கும் ஒரு கடமை உண்டு. பாறையின் இடத்தையும் மீனின் போக்கையும் முதலிற் கண்டவர்கள் கரையூர் மக்களே. ஆய்வின் முடிவுகள் ஆங்கில ஏடுகளோடு நின்றுவிடாது, கடற்றொழிலாளர் சங்கக் கூட்டங்களில் தமிழில் வாசிக்கப்படுக. அவர்கள் அவற்றை வினவுக, மறுக்குக, திருத்துக. அதன்பின் எழுதப்படும் சட்டத்தையே அவர்கள் தமது சட்டமென ஏற்பர்.