தலையெழுத்தும் கையெழுத்தும்

நோயுற்றவனைக் கண்டதும் "அவன் தலையெழுத்து" என்று கூறிவிட்டு நடப்போர் நம் நாட்டில் ஏராளம். தலையெழுத்து! அதைப் படித்தவர் எவர்? ஆனால் தோழர்களே, கையெழுத்து உண்டு. ஆலைக்கு இடம் குறித்த கையெழுத்து, அனுமதி வழங்கிய கையெழுத்து. அவற்றைப் படிக்கத்தான் நாம் பழகவில்லை.

கோடைக்கானலைப் பாருங்கள். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கு இல்லம் எழுப்பியது ஏன்? சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் தாளாது, உடல்நலம் நாடி! அதே மலைக்கு 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பாதரச வெப்பமானி ஆலை பெயர்ந்து வந்தது. முதலில் பாண்ட்ஸ், பின்னர் இந்துஸ்தான் லீவர் அதனை நடத்தின. பாதரசம் கடல் கடந்து வந்தது. வெப்பமானி கடல் கடந்து சென்றது. உடைந்த கண்ணாடி இங்கே தங்கிற்று.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், மணமில்லை, நிறமில்லை. மூச்சோடு புகுந்து, குருதியில் கலந்து, நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பாதரச நஞ்சின் கொடுமையை 1956இலேயே ஜப்பானின் மினமாட்டா உலகுக்குக் காட்டிவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆலைக்கு, அறியாமை என்று சொல்ல இடமுண்டோ?

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் காயலான் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளிப்பட்டது. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. தொழிலால் நோயுற்றோம் என்றனர் தொழிலாளர். தொழில் காரணமன்று என்றது நிறுவனம். மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில்? பிறர் காய்ச்சலை அளக்கும் கருவி செய்தவனுக்குத் தன் குருதியில் கலந்ததை அளக்க வழியில்லை! நீதிமன்றமோ சென்னையில். 2006இல் தொடுத்த வழக்கு, 2016இல் 591 தொழிலாளருக்கான உடன்பாட்டில் முடிந்தது. தந்த பணத்துக்கு இட்ட பெயர், கருணைத்தொகை. கருணையாம்! கடனைத் திருப்புகிறவன் தன்னைக் கொடைவள்ளல் என்று சொல்லிக்கொள்வதுண்டா? தொகையைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுடுகிறது. உரிமை என்றால் குற்றம் யாருடையது என்ற கேள்வி எழும். கருணை என்றால் நன்றி கூறிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

"மருத்துவமனை கட்டுவோம்" என்பர் நல்லவர். கட்டட்டும், வேண்டாமென்போமா? ஆனால் நஞ்சை எவன் வாசலில் இறக்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம், எந்த மருந்துக்கும் அசையாது. போராட்டத்துக்கு அசையும். 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டதே!

அடுத்த ஆலைக்கு அனுமதி கேட்டுத் தாள் வரும்பொழுது, அதைத் தமிழில் படித்து மறுத்துரைக்கும் உரிமை அங்கே மூச்சுவிடப் போகிறவனுக்கு வேண்டும். ஆண்டுதோறும் அவன் குருதியைச் சோதித்த ஏடு, ஆலை மேலாளரின் அலமாரியில் அல்ல, அவன் வீட்டுப் பெட்டியில் இருக்கவேண்டும்.