தேகப் பயிற்சியும் சிறுவர் கல்வியும்

படிக்கும் பிள்ளை விளையாடலாமா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. விடையும் உடனே கிடைத்துவிடுகின்றது. தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது விளையாட்டு நேரமே. பள்ளிகள் பலவற்றிலும் அதே நிலைதான். விளையாட்டிற்கென ஒதுக்கிய பாடவேளையைக் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கின்றார். ஒருவரும் அதைக் களவென்று கருதுவதில்லை. பிள்ளையின் நன்மைக்காகச் செய்யப்படுகின்றது என்பதாலேயே இச்செயல் முறையாகிவிடுமா? இதனையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

நம்மவர் இவ்வாறு நடப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. அதனை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தோருள் நம் தமிழ் மக்கள் மிகப் பலர். 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் உடலுழைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன், தூசி படிந்த நுரையீரலும் கூனிய முதுகும் நினைவிற்கு வரும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ‘எங்கள் உடம்பு தேய்ந்தது போதும், பிள்ளையாவது உட்கார்ந்து படிக்கட்டும்’ என்று ஒரு தாய் கூறுவாளாயின், அச்சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருக்கின்றது. ஆனால் அவள் இருவேறு பொருள்களை ஒன்றென எண்ணிவிடுகின்றாள். ஏவலால் நடக்கும் உழைப்பைக் களைத்தாலும் நிறுத்த இயலாது. விளையாட்டோ, பிள்ளை தானே விரும்பித் தொடங்குவது. மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். குடம் சுமக்கும் சிறுமிக்கு வேறு பயிற்சி எதற்கு என வினவுவோரையும் இதே காரணத்தால் நாம் ஏற்பதற்கில்லை.

அறிவியல் கூறுவதையும் கேட்போம். மூளையின் உட்பகுதியில் ஹிப்போகாம்பஸ் என்றோர் உறுப்பு உள்ளது. கடற்குதிரை போன்று வளைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. புதிதாகக் கற்றதை நினைவில் பதிப்பதற்கு இஃது இன்றியமையாதது. சுழலும் சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளின் மூளையில், இப்பகுதியிலே புதிய நரம்பணுக்கள் மிகுதியாகத் தோன்றியதை 1999இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். 2010இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் ஒன்பது, பத்து வயதுச் சிறுவர்களை ஆராய்ந்தனர். ஓடும் திறனும் மூச்சுவலிமையும் மிக்க பிள்ளைகளுக்கு ஹிப்போகாம்பஸ் சற்றுப் பெரிதாகவும், நினைவுத் திறன் சிறந்தும் இருந்தன.

இதனைக் கேட்டவுடன் துள்ளிக் குதித்தல் ஆகாது. வலிய உடல் கொண்ட பிள்ளை நல்லுணவும் நல்ல இல்லமும் பெற்ற பிள்ளையாகவும் இருக்கக்கூடும். அப்படியாயின் பெருமை எதனைச் சாரும்? ஆதலால் அதே பல்கலைக்கழகத்தார் ஏழு முதல் ஒன்பது வயதுள்ள 221 சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் ஒன்பது மாத காலம் பள்ளி முடிந்தபின் விளையாடச் செய்தனர். விளையாடியவர்கள், கவனத்தைச் சிதறவிடாது காப்பதிலும், ஒரு பணியினின்று மற்றொன்றிற்கு மனத்தைத் திருப்புவதிலும் ஏனையோரைக் காட்டிலும் மேம்பட்டனர் என்பது 2014இல் வெளியாயிற்று. விளையாடும் பிள்ளை முதல் மதிப்பெண் பெற்றே தீரும் என்று எவரேனும் உரைப்பின் நம்ப வேண்டா. அவ்வாறு எந்த ஆய்வும் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் விளையாட்டிற்கு நேரம் கொடுத்தால் படிப்புக் கெடும் என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை என்று கூறும் அளவிற்குச் சான்றுகள் சேர்ந்துள்ளன.

நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. வகுப்பில் அமைதியாக அமரமாட்டாத பிள்ளைக்கு அளிக்கப்படும் தண்டனை யாது? மற்றவர் விளையாடச் செல்லும்போது அவனை உள்ளே நிறுத்துவது. கவனக்குறைவும் துடிதுடிப்பும் மிக்க சிறுவர் இருபதின்மரை இருபது நிமிடம் நடைப்பொறியில் நடக்கவிட்டு, பின்னர்ப் படிக்கவும் கணக்கிடவும் செய்து பார்த்ததில், அவர்கள் அமர்ந்திருந்த நாளைவிட நன்றாகச் செய்தனர் என 2013இல் கண்டறியப்பட்டது. எவனுக்கு மருந்து மிகுதியாக வேண்டுமோ அவனிடமிருந்தே அதைப் பிடுங்குகின்றோம். அதற்கு ஒழுங்கு என்று பெயரும் இடுகின்றோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதே 2013இல், தண்டனைக்காகவோ படிப்பிற்காகவோ விளையாட்டு இடைவேளையை மறுத்தல் கூடாதென அறிவித்தது. பௌத்தராகிய நமக்கு இக்கருத்து புதிதன்று. நடைபயில்வதன் ஐந்து பயன்களைக் கூறும் அங்குத்தர நிகாயம், உண்டது செரித்தலையும் நோயின்மையையும் சொல்லுவதோடு, நடக்கையில் எய்திய மன ஒருமை நெடிது நிலைக்கும் என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மூளைக்கு நன்மை என்பதற்காகவா விளையாட்டை அனுமதிக்க வேண்டும்? நாளை வேறோர் ஆய்வு பயனில்லை என்று கூறின் மீண்டும் கதவை அடைத்துவிடுவோமா? அன்று. பிள்ளையின் மகிழ்ச்சி, மதிப்பெண்ணிற்கு ஏறும் ஏணியன்று. நினைவும் கவனமும் பெருகுவது கூடுதல் ஊதியமே. பெற்றோரின் அச்சத்தைப் போக்க அவ்வூதியத்தை எடுத்துக்காட்டுவதில் தவறில்லை. ஆனால் அதனையே காரணமாக்கிவிட்டால், படிப்பில் பின்தங்கிய பிள்ளை விளையாடும் உரிமையையும் இழப்பான்.

பெண்மக்களைப் பற்றி ஒரு சொல். பூப்பெய்திய நாளோடு பாண்டியும் கயிறு தாண்டலும் அவர்களுக்கு முடிந்துவிடுகின்றன. தம்பி மட்டும் தெருவில் ஓடுகின்றான். மூளை ஆண், பெண் என்று பார்த்து வளர்வதில்லை.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றிற்கு அறுபது நிமிடமேனும் மூச்சு விரையும்படி உடலை இயக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டிடத்தைச் சேர்த்தே கூறுகின்றது. நெருக்கமான நகர்ப்புறத்தில் இடத்திற்கு எங்கே போவது என்பர். கயிறு தாண்டுவதற்கு ஆறடி நிலம் போதும். மாலைப் பாடசாலை நடத்தும் சங்கத்தார், புத்தகத்தைத் திறக்குமுன் அரைமணி நேரம் பிள்ளைகளைச் சடுகுடு ஆடவிடலாம். மாடமும் முற்றமும் அதற்குத்தானே இருக்கின்றன.