வேர் எதற்கு?

பனமலை ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் என் அக்கா மகனிடம் ஒரு கேள்வி கேட்டார். அவன் ஏதோ பதில் சொன்னான், அவர் ஆடுகளின் பின்னால் போய்விட்டார். அவனுக்கு அது மறந்தே போயிருக்கும். எனக்குத்தான் இன்னும் விட்டபாடில்லை.

அவன் தாவரவியல் முதுகலை மாணவன். படிப்புக்காகச் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கரைச் சரிவில் மூக்கிரட்டை படர்ந்திருந்தது. மேலே பார்க்கத்தான் மெலிந்த கொடி, கீழே தடித்த வேர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். களைக்கொத்தால் சுற்றிச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தான்.

“ஏன் தம்பி, தழையக் கிள்ளிக்கினு போனா ஆவாதா? வேரு உனுக்கு எதுக்கு?”

“முழுச் செடியா இருக்கணும் ஆயா. இல்லன்னா ஏத்துக்க மாட்டாங்க.”

“வேர வுட்டா அடுத்த மழைக்குத் தழையுமே.”

அவ்வளவுதான். அன்று இரவு வீட்டில் அவன் செடியைப் பரப்பியபோது வேர் தாளைவிட நீளமாக இருந்தது. தாள் ஏறத்தாழ 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். அவன் சலனமில்லாமல் வேரை மடித்தான். ஒரு மடி, எதிர்ப்பக்கம் இன்னொரு மடி. அப்படித்தான் செய்வார்களாம். வேரைப் பார்த்தால்தான் அது ஒரு பருவத்தோடு போகிற செடியா, ஆண்டுக்கணக்கில் நிற்பதா என்பது தெரியும் என்றான். நியாயம்தான். ஆனாலும் மண்ணுக்குள் நேராக இறங்கிய ஒன்று தாளுக்காக மடிந்து கிடந்தது மனசுக்குள் இடறிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் வேரோடு பெயர்த்த செடி என்றால் அது கறிவேப்பிலைதான். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வரும். மரக்காணம், செஞ்சி, திண்டிவனம் என்று எங்கே போனாலும் அம்மா பழைய வீட்டு மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் தன் காலடியில் வைத்துக்கொண்டு வருவாள். புளித்த மோர் ஊற்றுவாள். பெரும்பாலும் பிடிக்காது. பிடித்தாலும், நாலு கொத்து பறிக்கிற பருவத்தில் அடுத்த மாற்றல் வந்துவிடும். அந்த மரங்களெல்லாம் இப்போது யார் வீட்டு ரசத்துக்குப் போகின்றனவோ.

அந்தக் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் ஒரு ஜெர்மன்காரர் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. யோகான் கெரார்டு கோனிக். இன்றைய லாட்வியாவில் ஜெர்மன் பேசும் மக்களிடையே 1728-ல் பிறந்தவர், தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்தவர். ஐஸ்லாந்துக்குச் செடி தேடிப் போனார். 1768-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் வேலை, அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியில், நடுவில் சயாமுக்கு ஒரு பயணம். 1785-ல் காக்கிநாடா பக்கம் சீதபேதியில் இறந்தார். 1771-லேயே லின்னேயஸ் கறிவேப்பிலைக்குத் தன் மாணவர் பெயரை வைத்துவிட்டார். எங்கும் வேர் பிடிக்காத மனிதரின் பெயர், இடம் மாற்றினால் முரண்டு பிடிக்கிற மரத்துக்கு. என் அம்மாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் கோனிக் அல்ல, அவருக்குப் பின் வந்த ரோட்லர். ஸ்ட்ராஸ்பூர்கில் 1749-ல் பிறந்த பாதிரியார். 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1836-ல் சென்னை வேப்பேரியில் இறந்தார். ஏறக்குறைய 60 ஆண்டுகள் இங்கே இருந்தவர், இந்தக் கரையோரத்துச் செடிகளைப் பிடுங்கி, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த வழியில் கண்ட செடிகளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1803-ல் ஜெர்மன் மொழியில் அச்சாயின. கூடவே தமிழ்-ஆங்கில அகராதியும் தொகுத்தார். சொல்லையும் செடியையும் ஒரே கை சேர்த்தது. அவர் சேர்த்த செடிகளில் பல இன்று லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. மடித்த வேர்கள் அங்கேயும் இருக்கும்.

இங்கே கபிலர் குறுக்கே வருகிறார். பள்ளிக்கூடத்தில் அரைகுறையாகப் படித்த குறிஞ்சிப்பாட்டு. பெண்கள் 99 வகைப் பூக்களைப் பறித்துப் பாறை மேல் குவிப்பார்கள். ஒரு பெயரை விட்டாலும் ஆசிரியர் பெஞ்சு மேல் ஏற்றுவார். இப்போது யோசித்தால், அந்தப் பட்டியலில் எல்லாமே பறித்தவை, எதையும் பிடுங்கவில்லை. ஆயாவின் கட்சி. ஆனால் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது அந்தப் பாட்டு என்று பழைய குறிப்பு சொல்கிறது. வெளியிலிருந்து ஒருவன் வந்து நின்றால்தான் நாம் நம் பூக்களை எண்ணுகிறோமா? பாடியவரும் ஒரே இடத்தில் இருந்தவர் இல்லை. பாரி போனபின் பறம்பைவிட்டு அவன் மகளிரோடு வெளியேறியவர். நம் திருக்கோவிலூரில், பெண்ணையாற்றுக்குள் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்றுதான் இன்னும் காட்டுகிறார்கள்.

பெயர்க்காமல் விட்டது பிழைக்கும் என்பதும் உறுதியில்லை. பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், பக்கத்துச் சிறு சன்னதியில் பார்வதி ஓவியம் இருக்கிறது. ஒரு கால் மடித்து, குடைக்கீழ் சாய்ந்து, நடனம் பார்க்கிறாள். ஆடுகிற சிவன் ஏறக்குறைய அழிந்தே போனான். 1300 ஆண்டுகளாக அதே சுவரில் இருந்ததுதான் காரணம். மழையும் காற்றும் மனிதக் கையும் பட்டன. ரோட்லரின் செடியோ 200 ஆண்டு கழித்தும் இலை உதிராமல் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்காகச் சுவரைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்கு என்னிடம் உருப்படியான காரணமும் இல்லை.

ஆயாவின் அறிவில் அடுத்த மழை இருக்கிறது. ஆனால் நாளைக்கே அந்தக் கரையைச் சாலையாக்கினால் அடுத்த மழைக்குத் தழைய வேர் இருக்காது. அப்போது, இங்கே மூக்கிரட்டை இருந்தது என்பதற்கு மடித்த வேரொன்றுதான் சாட்சி. ஒரு பக்கம் செடி வாழ்கிறது, செய்தி இல்லை. மறுபக்கம் செய்தி வாழ்கிறது, செடி இல்லை.

மனிதர்கள் விஷயத்திலும் இந்தக் கணக்கு எனக்கு நேராக வருவதில்லை. பெயர்ந்து பெயர்ந்து நான் பல ஊர்களை அறிந்தேன், ஒரு ஊரும் என்னை அறியவில்லை என்று சில நாள் தோன்றும். 27 வயதில் கப்பலேறி வந்து 86 வயதில் வேப்பேரியில் கண்மூடிய ரோட்லர், பிடுங்கப்பட்டவரா, இங்கே வேர் பிடித்தவரா? அகராதியை நினைத்தால் பிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பிய செடிக் கட்டுகளை நினைத்தால், இல்லை என்றும் தோன்றுகிறது. அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.